புள்ளிக்கோடு

எங்கள் ஊர் எய்க்கராடேயில் ஒருவரிடம் ஏதாவது கேட்டு, அவர் "பாக்கலாம்" என்று சொன்னால், கேட்டவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும். அந்தச் சொல்லுக்கு முடியாது என்று அர்த்தம். நெதர்லாந்தின் தெற்குக் கோடியில் இருக்கிற லிம்பர்க்காரர்கள் நாங்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டோம், அது மரியாதை இல்லை. முகத்துக்கு நேரே சரி என்றும் சொல்லமாட்டோம், பிறகு செய்ய வேண்டியிருக்குமே! என் புருஷன் லேய் வாயைத் திறந்து "சரி" என்று சொன்னதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். அது எங்கள் கல்யாணத்தில். அதற்கும் பாதிரியார் இரண்டாவது முறை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது.

அந்தக் கல்யாணத்தால்தான் எல்லா வினையும். ஊரில் இரண்டு பேண்டுகள். ஒன்று நீலச் சட்டை, ஒன்று சிவப்புச் சட்டை. எதற்காக இரண்டு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, என் தாத்தா காலத்திலேயே தெரியாது. ஆனால் எந்த வீட்டில் பிறந்தோமோ அந்தப் பேண்டு. லேய் நீல வீட்டுப் பிள்ளை. நான், மரியேட், சிவப்பு வீட்டுப் பெண். என்னைக் கட்டிக்கொண்ட மறு மாதமே லேய் தன் ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டான். நான் வரச் சொல்லவில்லை. மாமனார் என்னவோ சொல்லியிருக்கிறார், இவன் பதில் பேசாமல் கிளம்பி வந்துவிட்டான். கல்லுளிமங்கன் என்றால் அப்படி ஒரு கல்லுளிமங்கன்.

நீலப் பேண்டில் அவனுக்கு அடுத்த நாற்காலியில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவள் அவன் தங்கை ஃபீன். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊதக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். அவள் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவுமில்லை. அதைவிட மோசம், மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷமாகப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வந்து உட்காருவாள். "செர்ரி ஃப்ளாய் நல்லா வந்திருக்கு அண்ணி" என்பாள், நான் சுட்ட எங்கள் ஊர்ப் பழ கேக்கைக் கடித்துக்கொண்டே. "இன்னொரு துண்டு வெட்டட்டுமா?" என்பேன். அண்ணனும் தங்கையும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை, அதனால் பேச்சுக்கும் பஞ்சமில்லை. பேண்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இப்படி இருக்கும்போதுதான் நீலக்காரர்களின் கூடத்தில் கூரை இற்றுப்போயிற்று. எங்கள் கூடத்தைப் பரிசோதித்தவர்கள் ஓட்டில் மூச்சுக்கு ஆகாத கல்நார் இருக்கிறது என்று பூட்டிவிட்டார்கள். பஞ்சாயத்தில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: தனித்தனியாகக் கட்ட முடியாது, ஊருக்கு ஒரே கலைக்கூடம், எல்லோரும் அதில்தான். எல்லோரும் என்றால் இரண்டு பேண்டு, படம் வரைகிறவர்கள், சக்கர நாற்காலியில் நடனம் ஆடுகிற குழு, சிரியாவிலிருந்து வந்த பெண்களின் பாட்டுக் குழு, புதன்கிழமைப் பொம்மலாட்டம். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் அடைக்க யோலைன் என்றொரு கட்டிடக்கலைப் பெண்ணை வரவழைத்தார்கள். பெரிய ஆறுகளுக்கு வடக்கே, ஹாலந்துப் பக்கத்துக்காரி. அங்கே எல்லாம் நேர்ப்பேச்சு. சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. பாவம், அவளுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்!

நல்ல பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தைச் சுவரில் மாட்டி விளக்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் கட்டிடத்தை அதே அளவில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவிட்டாள். "உள்ள வாங்க, நடந்து பாருங்க, உங்களுக்கு எது இடிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். வரைகிறவர்கள் வடக்குப் பக்கம் போய் வெளிச்சம் போதாது என்றார்கள். அவள் அங்கேயே அழித்து ஜன்னலைப் பெரிதாக்கினாள். சக்கர நாற்காலிக்காரர்கள் கைகோத்து ஒரு பெரிய வட்டம் சுற்றிக் காட்டினார்கள். அவள் ஒரு கோட்டைத் தள்ளி வைத்தாள். சிரியப் பெண்களின் தலைவி நவால், "நாங்க பாடும்போது குழந்தைங்க கண்ணுல படணும். வேற ரூம்ல விட்டா பாட்டு வராது" என்றாள். உடனே பெரிய கூடத்தின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த மேடை வந்தது. இருக்கைகள் எல்லாம் சுவருக்குள் போகும், மேடை தரைக்குள் இறங்கும், விளக்குகள் கம்பியில் ஓடும். அந்தக் கட்டிடத்தில் நகராதது எதுவுமே இல்லை என்று எனக்கே குஷியாகிவிட்டது.

பெரிய கூடத்தின் நடுவே மட்டும் ஒரு கோடு விட்டு விட்டு வரைந்திருந்தது. அங்கங்கே இடைவெளியோடு ஒரு புள்ளிக்கோடு.

"இது தள்ளுற சுவர்," என்றாள் யோலைன். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேண்டுக்கும் ஒத்திகைன்னு சொன்னீங்க, ரெண்டு பேரும் நாளை மாத்த மாட்டோம்னும் சொல்லிட்டீங்க. அன்னிக்கு இதை இழுத்து மூடிக்கலாம். மத்த நாள்ல திறந்து விட்டா நடனத்துக்கு முழுக் கூடம் கிடைக்கும். ஆனா தள்ளுற சுவர்ல சத்தம் கொஞ்சம் கசியும். அது பரவாயில்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

நீலப் பக்கத்திலிருந்து ஒருவர், "அவங்க ஊதுறது எங்க காதுல விழுந்தா எங்க சுதி கெட்டுரும்" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து, "உங்களுக்குச் சுதின்னு ஒண்ணு இருக்கா?" என்று பதில் போயிற்று. ஒரே சிரிப்பு. நல்ல சிரிப்புதான் அது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யோலைன் கேட்டாள். சிவப்புப் பேண்டு சார்பில் நின்றிருந்த லேயைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இசைக்காரங்களோட புனிதை செசிலியா திருநாளுக்கு ரெண்டு பேண்டும் தனித்தனியா வாசிப்பீங்களாமே. புதுக் கட்டிடத்துல முதல் செசிலியாவுக்குச் சுவரைத் திறந்துட்டு ஒண்ணா வாசிச்சா என்ன? நீங்களும் உங்க தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்படி ஒரு நாள் வரும்னு நீங்க சொன்னா, நான் இந்தச் சுவருக்காக பஞ்சாயத்தோட மல்லுக்கு நிக்கிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஹாலந்துக்காரியைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கேட்கிற தைரியம் வந்திருக்காது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபீன் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண் லேய் மேல்தான் இருந்தது, ஏனென்றால் எனக்கு மட்டும்தான் ஒன்று தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நீளமான சுரங்களைப் பாதியில் விட்டுவிட்டு, உதட்டைத் துடைப்பது போலப் பாவனை செய்வான். மாஸ்ட்ரிக்ட் ஆஸ்பத்திரியில் நுரையீரலைப் படம் எடுத்திருந்தார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாக இருந்தது. "யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

லேய் தரையைப் பார்த்தான். புள்ளிக்கோட்டைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"பாக்கலாம்."

நவால் மட்டும் சிரித்தாள். "எங்க ஊர்ல இதுக்கு இன்ஷா அல்லான்னு சொல்வோம்" என்றாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. யோலைன் கையிலிருந்த காகிதத்தில் என்னவோ குறித்துக்கொண்டு, "சந்தோஷம், அப்ப பாக்கலாம்!" என்றாள். அந்தப் பெண் அதை நம்பிக்கையான வார்த்தை என்றே நினைத்துவிட்டாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் அவன் சொன்ன அத்தனை "பாக்கலாம்"களிலும் அந்த ஒன்றுதான் உண்மையான "பாக்கலாம்". செவ்வாய்க்கிழமை டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கலாம். மூச்சு இருந்தால் ஊதலாம். அது அவனுக்கும் எனக்கும் தெரியும். அங்கே நின்றிருந்த மற்ற அறுபது பேருக்கும் அது எய்க்கராடேயின் "பாக்கலாம்".

ஃபீன் கோட்டைத் தாண்டி வந்தாள். யோலைன் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை வாங்கினாள். குனிந்தாள். அவள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, புள்ளிக்கோட்டின் இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனாள். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு இடைவெளி விடவில்லை.

"செங்கல்லே வச்சுருங்க," என்று யோலைனிடம் சொன்னாள். "ரெட்டைச் செங்கல். சத்தம் கசியாத மாதிரி."

"நல்லா யோசிச்சுட்டீங்களா? அப்புறம் எடுக்க முடியாது."

"எங்க அண்ணன் யோசிச்சுட்டாரு," என்றாள் ஃபீன்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா, அதே ரத்தம்தானே! "அவங்க சொல்றபடியே வைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்க நடந்தான். வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் திரும்பிப் பார்க்காமல் வீம்பாக நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நல்லது எதுவும் சொல்லவில்லை. நுரையீரல் தழும்பேறிக்கொண்டே வருகிறது, திரும்பாது, ட்ரம்பெட்டை இன்றோடு கீழே வைத்துவிடுங்கள் என்றார். காரில் வரும்போது நான் கத்தினேன்.

"நேரா ஃபீன் வீட்டுக்கு விடு. நீ சொன்னதுக்கு அர்த்தம் வேறன்னு அவ வாசல்லயே நின்னு சொல்லு. இன்னும் செங்கல் வாங்கல, வெறும் சுண்ணாம்புக் கோடுதான் இருக்கு!"

"இப்ப போய்ச் சொன்னா பாவப்பட்டு அழிப்பா."

"பாவப்பட்டு அழிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

"எனக்குப் பாவம் வேணாம், மரியேட். ஊத முடியாதவனுக்குச் சுவர் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன."

"உனக்கு மட்டுமா அந்தச் சுவர்? சக்கர நாற்காலிக்காரங்க சுத்துற இடம் போயிருச்சே, அது தெரியலையா உனக்கு?"

அவன் எங்கள் வீட்டுத் தெருவுக்குள் காரைத் திருப்பினான். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சத்தியத்தை மீறிப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொன்னா நான் அந்த வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன், பிறந்தநாளும் கிடையாது" என்றான். செய்கிறவன்தான். வருஷத்துக்கு இரண்டு துண்டு ஃப்ளாயும் மழைப் பேச்சும்கூட இல்லாமல் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கட்டிடம் அடுத்த வருஷம் செப்டம்பரில் திறந்தது. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். இருக்கைகள் சுவருக்குள் போயின. மேடை இறங்கியது. நவாலின் பெண்கள் பாட, குழந்தைகள் அவர்கள் கண்ணெதிரே உருண்டன. எல்லாம் நகர்கிற அந்தக் கட்டிடத்தில் நடுச் சுவர் மட்டும் குத்துக்கல்லாய் நின்றது. சக்கர நாற்காலிக் குழு பாதிக் கூடத்தில் வட்டத்தை இரண்டாக உடைத்து ஆடியது. நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் மைதானத்தில் அவர்கள் சுற்றிய வட்டத்தைப் பார்த்திருந்த எனக்கு மனசு கேட்கவில்லை.

திறப்பு விழாவில் லேய் ஊதவில்லை. சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சமையலறையில் நான் ஃப்ளாய் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஃபீன் உள்ளே வந்தாள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சமையலறைதான்.

"என்ன அண்ணி, அண்ணன் ஊதக்கூட மாட்டேங்குறாரா? நான் ஒரே கூரைக்கடியில இருக்கேன்னு வாத்தியத்தைத் தொடமாட்டாராமா?"

வெட்டுகிற கத்தியை அப்படியே மேசையில் போட்டேன். சத்தியமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"அவனால ஊத முடியல, ஃபீன். நுரையீரல் போயிருச்சு. நீ கோடு போட்ட அன்னிக்கு அவன் முடியாதுன்னு சொல்லலை. செவ்வாய்க்கிழமை முடிவு வரணும், அதுக்குத்தான் பாக்கலாம்னான். நிஜமாவே பாக்கலாம்னுதான் சொன்னான், கேட்டுக்கோ!"

அவள் பக்கத்திலிருந்த பால் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்குக் காலையில எங்க ஆளுங்ககிட்டச் சொல்லிட்டு வந்தேன் அண்ணி," என்றாள். "எங்க அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும், என் பக்கத்து நாற்காலி அவருக்குன்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஏற்பாடெல்லாம் பண்ணிட்டு வந்து நின்னேன் அண்ணி. அவரு பாக்கலாம்னாரு."

"நீ அவனைக் கேட்டிருக்கக் கூடாதா, என்னத்தைப் பாக்கலாம்னு?"

"நம்ம ஊர்ல யாரு அப்படிக் கேப்பா?"

அதுவும் சரிதான். யாரும் கேட்க மாட்டோம். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் அவளுக்கு ஒரு துண்டு ஃப்ளாய் வைத்துக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

மறுநாள் காலை அவள் யோலைனைத் தொலைபேசியில் பிடித்து, சுவரை எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். நடுவில் ஒரு கதவாவது வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறாள். "நீங்க சுவர்னு முடிவு பண்ணதுக்கு அப்புறம் கூரையை அது மேலதான் உக்கார வச்சிருக்கேன்" என்றாளாம் யோலைன். "அதைத் தொட்டா கூரையையே கழட்டணும். நான் திரும்பத் திரும்பக் கேட்டேனே... கேட்கத் தெரியாம கேட்டுட்டேனோ என்னவோ." அந்தப் பெண் பாவம், அழுதுவிட்டாளாம்.

நவம்பரில் செசிலியா திருநாள் வந்தது. அந்தப் பக்கம் நீலம், இந்தப் பக்கம் சிவப்பு. ரெட்டைச் செங்கல் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது, ஒரு பொட்டுச் சத்தம் கசியவில்லை. நாங்கள் இரண்டாவது பாட்டை ஆரம்பிக்கப் போகும்போது எங்கள் கதவு திறந்தது. நீலச் சட்டையில் ஃபீன் நின்றாள். ஒரு கையில் ட்ரம்பெட், இன்னொரு கையில் நாற்காலி. நடுவில் வழி இல்லாததால் மழையில் கட்டிடத்தையே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்கள் கூடத்துக்குள் நீலச் சட்டை நுழைந்து நான் பார்த்ததே இல்லை. பெரிய முரசு அடிக்கிற என் தம்பி, கோலை உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றுவிட்டான்.

"என்ன எல்லாரும் ஆவியைக் கண்ட மாதிரி பாக்குறீங்க?" என்றாள். "கொஞ்சம் நகருங்க. நாற்காலி போடணும்."

நகர்ந்தார்கள். லேய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நனைஞ்சிருக்க," என்றான் லேய்.

"மழை பேய்ஞ்சா நனையாம என்ன செய்வாங்க? எந்த இடத்துல இருக்கோம், அதைக் காட்டு."

அவன் தன் தாளில் விரலை வைத்துக் காட்டினான். அவனுடைய பாகத்தை அவள் ஊதினாள். அவன் மடியிலிருந்த ட்ரம்பெட்டின் பொத்தான்களை அவளுக்குச் சரியாக அழுத்திக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் அவள் தப்பாக ஊத, இவன் முழங்கையால் ஒரு இடி இடித்தான். சின்ன வயதில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தானாம்.

முடிந்ததும் பீர் ஊற்றினார்கள். அவள் எச்சிலைத் தட்டி வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அடுத்த செசிலியாவுக்கும் நான் இங்கதான் வருவேன். நீ ஊத வேணாம். இதே மாதிரி பக்கத்துல உக்காந்து இடிச்சாப் போதும். இருப்பியா?"

"பாக்கலாம்," என்றான் லேய்.

"அண்ணே, எனக்கு அது வேணாம். அந்த வார்த்தையால நான் பட்டது போதும். இருக்கேன்னா சரின்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

லேய் என்னைப் பார்த்தான். போன வாரம் டாக்டர் வசந்தம் வரைக்கும்தான் தாங்கும் என்று சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நான் என்ன செய்வேன், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

"சரி," என்றான் லேய்.

நான் கேட்ட இரண்டாவது சரி. முதல் சரியைப் போல இதற்கு யாரும் தொண்டையைச் செரும வேண்டியிருக்கவில்லை. ஃபீனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது!

மார்ச்சில், கார்னிவல் முடிந்த மூன்றாவது வாரம் அவன் போய்விட்டான். வீட்டிலிருந்து தேவாலயம் வரை சிவப்புப் பேண்டு, தேவாலயத்திலிருந்து கல்லறை வரை நீலப் பேண்டு. ஒரே இறுதி ஊர்வல மெட்டை இரண்டு பேரும் தனித்தனியாக ஊதினார்கள்.

இந்த நவம்பரிலும் ஃபீன் வந்தாள். மழை இல்லை, ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு, அவன் பாகத்தை முழுக்க ஊதினாள். தப்பு விடவில்லை. முடிந்த பிறகு சமையலறைக்கு வந்து அதே பால் பெட்டி மேல் உட்கார்ந்தாள். திடீரென்று என்மேல் கோபப்பட்டாள்.

"சரின்னுதானே அண்ணி சொன்னாரு?"

"சொன்னான்."

"வாய் நிறையச் சொன்னாரு. நான் கேட்டேன்."

"ஆமா ஃபீன். நானும் கேட்டேன்."

"பாக்கலாம்னே விட்டிருக்கலாம்ல?"

நான் அவளுக்குக் காப்பியை ஊற்றி, ஒரு துண்டு செர்ரி ஃப்ளாய் வெட்டி வைத்தேன். இந்தத் தடவை சாப்பிட்டாள்.